தம்பிஐயா சென்ற்

என் கணவர் வீட்டில் கடைசியாகக் குடித்தது ஒரு கோப்பை வெறுந்தேநீர். பனங்கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார். அன்று பாதித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, "எறும்பு ஏறாமல் மூடி வையும். வந்து மற்றதைக் கடிக்கிறன்" என்றார். நான் அதன்மேல் கோப்பையைக் கவிழ்த்து வைத்தேன். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வல்வெட்டித்துறைக்குப் புறப்பட்டார். 1987ஆம் ஆண்டு சித்திரை மாதம். தன் பெயரைத் திருப்பி வாங்கிவரத்தான் போனார்.

அவர் பெயர் தம்பிஐயா. நெல்லியடிப் பக்கத்தில் இசைநாடகம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். பெண் வேடம் கட்டுபவர். அவர் எடுக்கும் முதல் அடி, கடைசி வரிசையில் கடலை விற்கிறவனையும் நிறுத்திவிடும். அவருடைய பாட்டுகளைக் கொப்பியில் எழுதிக் கொடுப்பது என் வேலை. அவருக்கு எழுத்து வராது என்றில்லை. என் எழுத்துத்தான் மனத்தில் நிற்கிறது என்பார்.

அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் கனகலிங்கம் எங்கள் வீட்டுக்கு வந்தான். வல்வெட்டித்துறையில் சென்ற், அதுதான் வாசனைத் தைலம், கலந்து சின்னப் போத்தல்களில் அடைத்து விற்கிறவன். வரும்போது துணியில் சுற்றி ஒரு போத்தல் கொண்டுவந்தான். கப்பலில் வேலை செய்யும் அவனுடைய மைத்துனர் இத்தாலியில் வாங்கியதாம். தங்க மூடி; அதில் ஒரு தடித்த பெண்ணின் படம்.

"அண்ணை, இவ ஆர் தெரியுமோ? அங்கத்தைய பாட்டு நாடகத்திலை பெரிய ஆள். இவவின்ரை பேரிலைதான் சென்ற். சனம் அள்ளிக்கொண்டு போகுதாம்."

"அதுக்கு?"

"அங்கை அவ எண்டால் இஞ்சை நீங்கள்தானே."

"தம்பிஐயா சென்ற் எண்டால் ஆரடாப்பா வாங்குவான்? சுருட்டுக்கு வைக்கிற பேர்!"

"உங்கடை பேருக்கில்லை அண்ணை, மூக்குத்தி போட்ட படத்துக்கு வாங்குவாங்கள்."

அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பணம் எதுவும் கேட்கவில்லை. மேடையேறும்போது அந்தச் சென்றையே பூச வேண்டும் என்பது மட்டும் பேச்சு. லேபிள் அச்சாகி வந்தபோது படம் இடம்வலம் மாறியிருந்தது. வலப்பக்கம் போடும் மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது. "பாரும், என்னை ஆரோ ஒரு பொம்பிளையாக்கிப் போட்டான்" என்று என்னிடம் ஒரு கிழமை புறுபுறுத்தார். ஆனாலும் ஒரு போத்தலைச் சாமியறையில் வைத்தார்.

முதலில் கலியாண வீடுகளில்தான் மணந்தது. பிறகு செத்தவீடுகள் கூடின. கடலில் போனவர்களும் சண்டையில் ஷெல் குண்டு பட்டவர்களும் இரண்டு நாள், மூன்று நாள் கழித்துத்தான் வீடு வந்தார்கள். ஐஸ் கிடையாது. குளிப்பாட்டி, கோடித் துணி உடுத்தி, மேலே சென்ற் தெளிப்பார்கள். மலிவான சென்ற் அதுதான். எந்தச் செத்தவீட்டிலும் பிரேதத்தின் தலைமாட்டில் என் கணவர் மூக்குத்தியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

இதை நாங்கள் கவனிக்காமல் விட்டோம். அடுத்த வருடம் கோயில் திருவிழாவில் அவர் சனத்துக்கு நடுவால் பாடிக்கொண்டு மேடைக்கு வந்தார். கனகலிங்கத்திடம் ஒப்புக்கொண்டபடி அந்தச் சென்றைத்தான் பூசியிருந்தார். முன்வரிசையில் இருந்த பராசக்தி, மகனைக் கடலில் பறிகொடுத்து ஆறு மாதம் ஆகாதவள், மூக்கைத் தூக்கி முகர்ந்தாள். பிறகு, "என்ரை ராசா, நீ வந்திட்டியோ" என்று மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தாள். பின்னால் இன்னொருத்தி. பிறகு இன்னும் இரண்டு பேர். ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார். என் கணவர் நடுவழியில், சேலையும் நகையுமாக, வாய் திறந்தபடி நின்றார்.

அதன்பிறகு அவரை யாரும் அழைக்கவில்லை. சென்ற் பூசாமல் பாடுகிறேன் என்று சொல்லியும் பார்த்தார். அவரைக் கண்டாலே அந்த மணம் வருகிறது என்றார்கள். தெருவில் போனால், "சவச்சென்ற் போகுது" என்று ஒருவன் சொன்னது என் காதிலேயே விழுந்தது. வீட்டில் பாடுவதையும் விட்டார். ஒருநாள் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தவர் சிரித்தபடி சொன்னார்:

"இஞ்சாரும், நான் செத்தால் உந்தச் சென்றை மட்டும் எனக்கு ஊத்திப் போடாதையும். என்னிலையாவது என்ரை மணம் இருக்கட்டும்."

"விசர்க்கதை கதையாதேங்கோ" என்றேன்.

"ஓம் எண்டு சொல்லுமன்."

"ஓம், ஓம்."

கோயில் சபையில் இருந்த கதிரவேலு அண்ணைதான் கடைசியில் ஒரு வழி சொன்னார். "பேரையும் படத்தையும் போத்தலிலை இருந்து எடுப்பி. சனம் ஒரு வருசத்திலை மறந்திடும். அடுத்த திருவிழாவுக்கு நான் சபையிலை கதைக்கிறன்." அதைக் கேட்ட மறுநாள் காலைதான் அவர் பனங்கட்டியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனது.

திரும்பி வரும் வழியில், உடுப்பிட்டி தாண்டி, இராணுவ முகாமிலிருந்து வந்த ஷெல் விழுந்தது. பின்னேரம் ஒரு மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். முகத்தில் ஒரு கீறலும் இல்லை.

அன்றே எடுத்திருக்கலாம். ஆனால் சுடலைக்குப் போகும் வழியெல்லாம் ஷெல். மறுநாளும் அப்படியே. சித்திரை வெயில். வேப்பிலை கட்டினோம், சாம்பிராணி போட்டோம். இரண்டாம் நாள் மத்தியானம் வந்தவர்கள் சேலைத் தலைப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. பந்தலுக்குள் யாரும் நிற்கவில்லை. அவரைச் சுற்றி எப்போதும் சனம் நின்றதைக் கண்டவள் நான்.

அப்போது கனகலிங்கம் சைக்கிளில் ஒரு பெட்டியோடு வந்தான். அழுதழுது அவன் முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, அண்ணை வந்து கேட்டவர். நானும் ஓம் எண்டிட்டன். இனி அடிக்கிற லேபிளிலை பேர் இராது. சத்தியமாய், அவர் சந்தோசமாய்த்தான் போனவர்." பெட்டியைக் காட்டினான். "உது பழைய லேபிள். உதுதான் இருக்கு."

"வேண்டாம், கொண்டு போ" என்றேன்.

அவன் போகவில்லை. பெட்டியை வைத்துவிட்டு வேலியோரம் நின்றான். நான் அவர் பக்கத்தில் போய் இருந்தேன். ஈக்களை விசிறினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் சொந்தத் தங்கை வாசலில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

நானே எழுந்து பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டு போத்தல்கள். வேறு யாரையும் தொடவிடவில்லை. கோடியில், நெஞ்சில், தலைமயிரில், ஒவ்வொன்றாக ஊற்றினேன். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொன்னேனா, நினைத்தேனா, ஞாபகம் இல்லை. பன்னிரண்டாவதை ஊற்றும்போது சனம் பந்தலுக்குள் வந்திருந்தது. பராசக்தியும் வந்து என் பக்கத்தில் இருந்தாள்.

மறுநாள் விடிய எடுத்தார்கள். கோப்பைக்குக் கீழே பனங்கட்டி கரைந்து கிடந்தது.

கனகலிங்கம் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்து வந்த போத்தல்களில் ஒரு ரோசாப்பூ இருந்தது. பழைய போத்தல் இப்போது சாமியறையில் இருக்கும் அந்த ஒன்றுதான். சென்ற் வற்றிவிட்டது, மூடியைத் திறந்தாலும் மணமில்லை. லேபிள் மட்டும் கிழியவில்லை. மூக்குத்தி இடப்பக்கம்தான் இருக்கிறது.