புதினா இளவரசி

நகம் வெட்டி வலது கை முடிந்து இடது கைக்கு வந்ததும் அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

"கட்டைவிரலை விட்டுடு. மடிப்புக்கு வேணும்."

தையல் மெஷினை விற்று இரண்டு வருடமாகிறது. துணியை மடித்து அந்த நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், இஸ்திரிப் பெட்டியே வேண்டாம் என்பார்.

"சரி, மத்த நாலையும் குடுங்க" என்றாள் மகள்.

அவர் வாசலைப் பார்த்தார். "புதினா வந்துட்டாளா?"

"இங்கதானேப்பா இருக்கேன்."

அவளை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மதியத்துக்குள் மூச்சு நின்றுவிட்டது.

புதினா அவளுடைய செல்லப்பெயர். அப்பா சொல்லும் கதையிலிருந்து வந்தது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்திக்குச் சூனியக்காரி தோட்டத்துப் புதினாவைத் தவிர வயிற்றில் எதுவும் தங்காது. புருஷன் சுவரேறித் திருடி மாட்டிக்கொள்வான். பதிலுக்குப் பிள்ளையைக் கொடுத்துவிடுவான். பிள்ளைக்குப் பெயர் புதினா. கடைசியில் அப்பன் போய் அவளைத் தூக்கிக்கொண்டு வருவான். அந்த இடத்தில் அப்பா அவளை நிஜமாகவே தூக்கிக்கொள்வார். "நீதான் அது" என்பார்.

சாயங்காலம் அத்தை மகள் வந்தாள். நாலு வயது மூத்தவள், அண்ணி என்று கூப்பிட்டுப் பழக்கம். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

சமையலறையில் அம்மா டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"காலைல அவருக்கு என்னைத் தெரியலம்மா. புதினா வந்துட்டாளான்னு என்கிட்டயே கேட்டார்."

அம்மா குழாயை மூடினாள். "தெரிஞ்சுதான் கேட்டார். அவர் கேட்டது உங்க அண்ணியை. அவளும் நான் பெத்தவதான். அவ வயித்துல இருந்தப்ப உங்கத்தை வீட்டுப் புதினாவைத் தவிர எதுவும் தங்கல. அத்தைக்குக் குழந்தை இல்ல. பொறந்ததும் கேட்டா. தங்கச்சி கேட்டு உங்கப்பா எதை இல்லன்னிருக்கார்?"

"அப்ப அந்தச் சூனியக்காரி?"

"உங்கத்தைதான். உயிரோட இருந்தப்ப காதுல விழுந்திருந்தா, தைச்சுக் குடுத்ததையெல்லாம் மூஞ்சிலயே எறிஞ்சிருப்பா."

வேறொரு நாளென்றால் இருவரும் சிரித்திருப்பார்கள்.

"நான் வயித்துல இருந்தப்ப?"

"உனக்கென்ன. ஒரு தொந்தரவும் இல்ல. எல்லாத்தையும் சாப்பிட்டேன்."

"அண்ணிக்குத் தெரியுமா?"

"அவ கல்யாணத்தப்பவே சொல்லிட்டார். நீ கஷ்டப்படுவன்னு உனக்கு மட்டும் வேணாம்னுட்டார்."

அவள் கூடத்துக்கு வந்தாள். அண்ணி அப்பாவின் இடது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்தக் கை அப்படியே இருக்கேம்மா. நெயில் கட்டர் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தாள். கட்டைவிரலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அண்ணி சுண்டுவிரலில் தொடங்கினாள். ஒவ்வொன்றாக நான்கு விரல்களையும் முடித்தாள். நெயில் கட்டரை மடக்கித் திருப்பிக் கொடுத்தாள்.

கட்டைவிரல் நகம் அப்படியே இருந்தது.