மாமா நிமிர்ந்த நாள்

குளியலறையில் வழுக்கி விழுந்த மறுநாள் காலை மாமா நிமிர்ந்து நின்றார். வீட்டில் யாருக்கும் கை கால் ஓடவில்லை. சந்தோஷத்தில்தான்.

மாமா அச்சகத்தில் பிழை திருத்துபவர். இருபது வருடமாக முன்பக்கம் வளைந்தே நடப்பதால் அங்கே அவருக்குக் ‘கமா’ என்று பெயர். முதுகெலும்பின் கணுக்களெல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே மூங்கிலாகிவிடும் வியாதி. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்பார்கள். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு கணு ஒட்டிவிடும். அவரை நிமிர்த்த அத்தை மூன்று தைலம், இரண்டு யோகா ஆசிரியர் என்று முயன்று தோற்றவர்.

ஆகவே, விழுந்த வேகத்தில் ஏதோ பிடிப்பு விட்டுவிட்டது என்று அத்தை தீர்மானித்து, பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பக்கவாட்டில் நின்று படம் எடுத்தேன். மாமா மட்டும் முதுகு வலிக்கிறது, கால் மரத்துப்போகிறது என்று முனகினார். புதிதாக நிமிர்ந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொன்னோம். மதியம் வலி தாங்காமல் அவர் கத்திய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே அந்தப் படத்தைப் பெருமையாக நீட்டினேன். முதுகெலும்பு டாக்டர் ஒல்லியான பெண்மணி. படத்தையும் எக்ஸ்ரேயையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது நிமிர்ந்ததில்ல. ஒடைஞ்சது.”

மூங்கில் நடுவில் ஒடிந்து முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. அதனால்தான் நேராகத் தெரிந்தார். இன்னும் கொஞ்சம் விரிந்தால் தண்டுவடம் நசுங்கி இரண்டு காலும் போய்விடும். பழைய வளைவுக்கே கொண்டுபோய், அங்கேயே ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டுமாம். முன்பு எவ்வளவு வளைந்திருந்தார், பழைய பக்கவாட்டுப் படம் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை. எந்த விசேஷத்திலும் மாமாவை ஒரு குண்டான ஆளுக்குப் பின்னால் நிறுத்தியே படம் எடுத்த குடும்பம் எங்களுடையது.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு, “போட்டோ எதுக்கு? தலைகாணி குடுங்க” என்றார்.

தினமும் மாமாவின் வளைவுக்கு ஏற்ப அத்தை போடும் தலைகாணி அடுக்கில்தான் அவர் தூங்குவார். கீழே இரண்டு, மேலே மடித்த ஒன்று, கழுத்துக்கு ஒரு துண்டு. நான்கு பேர் மாமாவை அலுங்காமல் தூக்கிப் பிடிக்க, அத்தை யாரையும் கேட்காமல் அடுக்கி முடித்தார். அப்படியே ஸ்கேன் எடுத்தார்கள். பிளந்திருந்த வாய் மூடியிருந்தது. டாக்டர் அந்த வளைவை டிகிரிக் கணக்கில் குறித்துக்கொண்டு அத்தைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த ஆஸ்பத்திரியில் அது பெரிய மரியாதை என்று நர்ஸ் சொன்னார்.

ஒட்டிப்போன முதுகில் ஸ்க்ரூ போட வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரியாது. எலும்பில் ஒரு சின்னச் சட்டத்தைக் கவ்வவைத்து, ஆபரேஷன் மேஜையிலேயே ஸ்கேன் எடுப்பார்கள். பிறகு ஒரு கேமரா சட்டத்தையும் கருவியையும் பார்த்து, முனை உள்ளே எங்கே போகிறது என்று திரையில் காட்டும்.

நான்கு மணி நேரம் என்றார்கள், ஐந்தாயிற்று. யாரோ ஒருவரின் முழங்கை பட்டு அந்தச் சட்டம் நகர்ந்துவிட்டதாம். திரையில் படம் அழகாகத்தான் இருந்தது. டாக்டர் சும்மா ஒருமுறை கண்ணுக்குத் தெரிந்த எலும்பு விளிம்பில் முனையை வைத்துப் பார்த்தார். திரை அது காற்றில் நிற்பதாகக் காட்டியது. வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர். நிறுத்தி, மறுபடி ஸ்கேன் எடுத்து, போட்ட ஸ்க்ரூக்களையும் சரிபார்த்த பிறகே தொடர்ந்தார்.

“மேடம் ஸ்கிரீனையும் நம்ப மாட்டாங்க, கண்ணையும் நம்ப மாட்டாங்க. ரெண்டையும் மோதவிடுவாங்க” என்றார் இதையெல்லாம் வெளியே வந்து சொன்ன டெக்னீஷியன், தன் சொந்த அக்காவைப் பற்றிச் சொல்வதுபோல. நான் படிக்கும் கல்லூரியில் சர்வே அளவு இரண்டு மீட்டர் தவறினாலும் யாரும் எழுந்து பார்ப்பதில்லை.

மயக்கம் தெளிந்ததும் டாக்டர் காலை அசைக்கச் சொன்னார். மாமா அசைக்கவில்லை. அத்தை என் மணிக்கட்டை நெரித்தார்.

“எந்தக் கால்?” என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல். “தெளிவா சொல்லுங்க.”

“ரெண்டும்.”

போர்வைக்குள் வலது பாதம் எழுந்தது. அப்புறம் இடது. அத்தை என்னை விட்டுவிட்டு இரண்டு பாதங்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மாமாவுக்கு உள்ளங்காலில் கூச்சம், பலமாக உதைத்தார்.