முப்பது நிமிடம், சரி

கரண்ட் போனபோது லைட்டு அண்ணன் தன் தங்கை புருஷனுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். பகல் பதினொன்றரை மணி. மூடிய கதவுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஆபரேஷன் தியேட்டரில், தங்கைக்குக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பயப்படாதீங்க மாப்ள. பத்தே செகண்ட்ல ஜெனரேட்டர் எடுத்துரும். எடுக்கலேன்னாலும் மேசைக்கு மேல பேட்டரி லைட்டு இருக்கு. அரை மணி நேரம் அசையாம எரியும். நான் பாக்குற லைட்டு."

பத்து செகண்ட் ஆயிற்று, இருபதும் ஆயிற்று. பின்கட்டில் ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. அண்ணன் ஓடினார்.

அந்த ஆஸ்பத்திரியில் பத்தொன்பது வருடமாக அவர்தான் எலக்ட்ரீஷியன். ஊர் வம்பு நமக்கெதற்கு, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை: அந்த விளக்கு அரை மணி நேரம் எரிந்து அவர் பார்த்ததே கிடையாது. மாதாமாதம் சோதனைப் பொத்தானை அமுக்குவார், விளக்கு கண்ணைத் திறக்கும், கையை எடுத்துவிடுவார். வருடத்துக்கு ஒரு முறை கரண்டை நிறுத்தி அரை மணி எரியவிட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதற்குத் தியேட்டர் காலியாக இருக்க வேண்டுமே. ஏணியும் கையுமாகப் போய் நிற்பார். தியேட்டர் நர்சம்மா முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டுவார்.

"அடுத்த கேஸ் வெயிட்டிங்ல இருக்குண்ணே. எரியுதுல்ல? அப்புறம் என்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி அரை மணி உத்துப் பாக்கணுமா?"

அவரும் சிரித்துவிட்டு ஏணியை மடக்குவார். நோட்டில் 'முப்பது நிமிடம், சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். அந்த விளக்கை மாட்டி நாலு வருடம். நாலு வருடமும் இப்படித்தான். முதல் வருடம் கொஞ்சம் உறுத்தியது. எழுதி எழுதி, இப்போது அவரே அதை நம்பிவிட்டார்.

ஜெனரேட்டரின் டீசல் குழாயில் காற்று அடைத்திருந்தது. அதை வெளியேற்றி ஓடவைக்கப் பதினோரு நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரமும் அவர் நிதானமாகவே வேலை பார்த்தார். மேசைக்கு மேலேதான் அரை மணி வெளிச்சம் இருக்கிறதே.

திரும்பி வந்தபோது நடையில் டியூப் லைட்டுகள் எரிந்தன. மாப்பிள்ளை சுவரோடு ஒட்டி நின்றார்.

"மச்சான், நீங்க போன கொஞ்ச நேரத்துலயே உள்ள சத்தம் கேட்டுது. 'இதுவும் போச்சு, ரத்தம் எங்கேருந்து வருதுன்னே தெரியல'ன்னு டாக்டர் கத்தினாரு. அந்த லைட்டு அரை மணி எரியும்ல?"

அண்ணன் மூடிய கதவைப் பார்த்தார். ஆனால் வாய் பழகிய வாய்.

"எரியும் மாப்ள."

மாப்பிள்ளை டீசல் பிசுக்கோடு இருந்த அண்ணனின் கையை இறுகப் பற்றிக்கொண்டார். "அப்ப பயத்துல எனக்குத்தான் தப்பாக் கேட்டிருக்கும்."

கதவு திறந்தது. நர்சம்மா வெளியே வந்தார். கை முழங்கை வரை ரத்தத்தில் நனைந்திருந்தது. மாப்பிள்ளை இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை. கையுறையோடு பிடித்திருந்த செல்போனில் டார்ச் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்க அவருக்குத் தோன்றவில்லை. அந்த வெளிச்சம் தரையில் ஊர்ந்து வந்து, அண்ணனின் செருப்பில் ஏறி, அங்கேயே நின்றது.