திரும்பி வரும் பார்சல்

என் அண்ணன் தபோதரன் ஒரு செவ்வாய்க்கிழமை அதிகாலை ஐந்தரைக்கு வேலைக்குப் போனான். வெள்ளிக்கிழமை வரை வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசி அணைந்திருந்தது. அவன் வேலை செய்யும் இறைச்சித் தொழிற்சாலையில் கேட்டோம். செவ்வாய் பத்து மணியளவில் இரண்டு பேர் வந்து கூப்பிட்டதாகவும், அவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் அவர்களோடு போய்விட்டதாகவும் சொன்னார்கள். வந்தவர்கள் யார் என்று கேட்டேன்.

"சீருடை போடாதவர்கள். ஆனால் மரியாதையானவர்கள்" என்றார் மேற்பார்வையாளர். கையுறை கொம்பனியின் சொத்து என்பதையும் நினைவூட்டினார்.

நான் ஜேர்மனியில், ஹம்பேர்க் நகரத்தில் சமூகவியல் படிக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு வேலை இல்லாமல் இருப்பது என்று பெயர். ஆகவே ஆளைத் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. ரயிலும் பேருந்துமாக மூன்று மணி நேரம் போய், எங்கள் வீடு இருக்கும் வீஸன்ஹாகனில் இறங்கினேன். எங்கள் மாவட்டத்தில் மனிதர்களைவிட மாடுகள் அதிகம். ஒவ்வொரு மாட்டுக்கும் காதில் இலக்கம் உண்டு. எந்த மாடு எந்தத் தொழுவத்தில் நிற்கிறது என்று அரசாங்கத்துக்குத் தெரியும்.

அம்மா குசினி மேசையில் குளிர்ச்சட்டையோடு இருந்தார். யாராவது கூப்பிட்டால் உடனே வெளிக்கிட வேண்டுமாம். ஹீற்றர் ஐந்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அழவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டார். ஓம் என்றேன். போடவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஓர் அதிகாரி மட்டும் இருந்தார். அண்ணனின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். தட்டினார். திரையைப் பார்த்தார். பிறகு திரையைத் தன் பக்கமாக இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டார்.

"காணாமற்போனவர் என்று இந்த முறைப்பாட்டை நான் எடுக்க முடியாது."

"ஏன்?"

"அதையும் சொல்ல முடியாது."

"உயிரோடு இருக்கிறானா?"

"இந்த ஆளைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. உங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அம்மா, அவன் உள்ளுக்கைதான் இருக்கிறான். அந்தாளின்ரை முகத்திலையே தெரிஞ்சுது."

"முகத்திலை தெரிஞ்சாக் காணாது, சுரேன். எங்கையாவது எழுதியிருக்கோணும்."

அதற்குள் அமெரிக்காவிலிருந்து நித்தியானந்தன் சித்தப்பா வீடியோவில் வந்துவிட்டார். அவர் டெக்சாஸில் ஒரு பட்டிக்காட்டுக் கவுண்டியில் பெற்றோல் நிலையம் வைத்திருக்கிறார். கவுண்டி என்றால் அங்கே மாவட்டம். உலகத்தில் எந்தத் துன்பம் நடந்தாலும் தன் கவுண்டியில் அதற்கு ஒரு வசதி இருப்பதாகச் சொல்வார்.

"அண்ணி, இஞ்சை எண்டா உது ரெண்டு நிமிச வேலை. ஷெரீஃப்பின்ரை சைட்டுக்குப் போனா, ஆரைப் பிடிச்சது, எத்தினை மணிக்கு, என்ன குற்றம், எல்லாம் போட்டோவோடை போட்டிருப்பாங்கள். உயரம், நிறைகூட."

அம்மா முதன்முறையாக நிமிர்ந்தார். "நிறையும் போடுவினமோ?"

"ஓம். விடியக் கோப்பியோடை நான் உதைத்தான் பாக்கிறது. உவரைப் பாருங்கோ, எங்கடை மெக்கானிக். ரெண்டு கிழமையா ஏன் கார் திருத்தித் தரேல்லை எண்டு இப்பத்தான் விளங்குது."

ஷெரீஃப் எடுத்த போட்டோவிலிருந்து மெக்கானிக் எங்களைப் பார்த்தார். தலை வாரியிருக்கவில்லை. அம்மா அவரை நெடுநேரம் பார்த்தார்.

"நல்ல நாடு" என்றார்.

"டேய் சுரேன், நீ உங்கை கவுண்டி எண்டு போட்டுத் தேடு. படிச்சனிதானே."

தேடினேன். எங்கள் மாவட்ட அலுவலகத்தின் இணையத்தளம் மிகவும் விரிவானது. தோட்டக் கழிவை எரிக்க அனுமதி பெறலாம். வீதியில் செத்துக் கிடக்கும் மானை அறிவிக்கலாம். கண்டெடுக்கப்பட்ட பொருட்களின் பட்டியல் எல்லோருக்கும் திறந்திருந்தது. மூன்று சைக்கிள்கள், இடது காதுக்கான கேட்கும் கருவி ஒன்று, ஒரு சாம்பல் நிறக் கிளி. கிளிக்குப் படமும் போட்டிருந்தார்கள். கிளியிடம் சம்மதம் கேட்டார்களா தெரியவில்லை. அண்ணன் அந்தப் பட்டியலில் இல்லை.

நீதிமன்றத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். டாட்டன்ஷுட்ஸ் என்றார்கள். ஒருவரின் தகவலை இன்னொருவருக்குச் சொல்லாத சட்டம் அது. சிறைக்கு எடுத்தேன். எங்கள் சுற்றுவட்டாரத்துக்கு ஒரே ஒரு சிறைதான் உண்டு. அங்கே ஒரு பெண் பொறுமையாக விளக்கினார்.

"அவர் இங்கே இருந்தால், இருக்கிறார் என்று சொல்வது அவருடைய உரிமையை மீறுவதாகும்."

"இல்லையென்றால், இல்லை என்று சொல்லலாம்தானே?"

"அப்படி இல்லாதவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொன்னால், நான் பதில் சொல்லாதவர்கள் எல்லோரும் இங்கே இருக்கிறார்கள் என்று ஆகிவிடும்."

அதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. நன்றி சொல்லி வைத்தேன். பிடிபட்டிருந்தாலும், அண்ணன் விரும்பினால் வீட்டுக்கு அறிவிக்க அவனுக்கு உரிமை உண்டு. அவன் விரும்பவில்லை என்பதைத்தான் எல்லோரும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அம்மா நம்பியிருக்க மாட்டார்.

அம்மாவுக்கு வேறொரு கணக்கு இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, ஊரில் சண்டை நடந்தபோது, அம்மாவின் அண்ணன் அமிர்தநாதனையும் இரண்டு பேர்தான் வந்து கூப்பிட்டார்கள். அவர்களும் சீருடை போடவில்லை. முகாம் வாசலில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஊரில் எல்லோருக்கும் ஒரு வழி தெரியும். சாப்பாடு கட்டிக்கொண்டு போக வேண்டும். சென்றியில் காவல் நிற்பவன் பார்சலை வாங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார். திருப்பித் தந்தால் ஆள் இல்லை. பதினொரு நாள் வாங்கினார்கள். பன்னிரண்டாம் நாள் திருப்பித் தந்தார்கள். அந்தச் சோற்றை வீட்டில் யாரும் சாப்பிடவுமில்லை, கொட்டவுமில்லை என்று அம்மா ஒருமுறை சொன்னார். பிறகு அதற்கு என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை விடிய எழும்பியபோது அம்மா குளிர்ச்சட்டைக்கு மேல் ஏப்ரன் கட்டிக்கொண்டு வடை தட்டிக்கொண்டிருந்தார். பருத்தித்துறை வடை. தட்டையாக, மொறுமொறுவென்று, ஒரு மாதம் வைத்தாலும் கெடாது.

"இது ஆருக்கு?"

"தபோவுக்கு. அந்த ஜெயிலுக்குப் பார்சல் போடு."

"அம்மா, இஞ்சை அப்பிடி ஏலாது."

"வாங்கினமெண்டா இருக்கிறான். எனக்கு அவ்வளவும் தெரிஞ்சாக் காணும்."

சிறையின் விதிகளை வாசித்துப் பார்த்திருக்கலாம். வாசிக்கவில்லை. நான்கு நாட்களில் அம்மா செய்த முதல் காரியம் அது. முப்பது வடையைப் பேப்பர் விரித்து, பழைய சப்பாத்துப் பெட்டியில் அடுக்கினோம். மேலே அண்ணனின் முழுப்பெயரை எழுதினேன். தபால் கந்தோர் பெண் முகவரியைப் பார்த்துவிட்டு, "உடையக்கூடிய பொருளா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அதற்கான ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டினார்.

திங்கள் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. தபால் வான் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் அம்மா ஜன்னலில் நின்றார். நிற்காமல் போனால் கதிரையில் வந்து இருந்தார். புதன்கிழமை அரைக் கோப்பை சோறு சாப்பிட்டார். சித்தப்பா எடுத்தபோது, "வாங்கிப்போட்டினம் போலை" என்றார்.

வியாழக்கிழமை பதினொன்றரைக்கு மணி அடித்தது. தபால்காரர் சப்பாத்துப் பெட்டியை நீட்டினார். ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது. அதற்கு மேல் இன்னொரு ஒட்டுத்தாள்.

அம்மா வாங்கினார். கையெழுத்து வைத்தார். தபால்காரருக்கு நன்றிகூடச் சொன்னார். பெட்டியைக் குசினி மேசையில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் இருந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"திருப்பித் தந்திட்டினம்" என்றார். நேரம் பன்னிரண்டாகிறது என்று சொல்வது போலச் சொன்னார்.

"அம்மா, பொறுங்கோ."

"கோயிலிலை ஃபாதருக்குச் சொல்லு. அவற்றை நம்பர் டயறியிலை இருக்கு."

"அம்மா!"

பெட்டியை என் பக்கம் இழுத்தேன். திறந்து, திரும்ப மூடி, நாடா ஒட்டியிருந்தார்கள். உள்ளே வடைகளுக்கு மேல் ஒரு தாள் இருந்தது. அச்சடித்த படிவம். மூன்றாவது கட்டத்தில் புள்ளடி போட்டிருந்தார்கள். ஜேர்மனில் ஒருமுறை எனக்குள் வாசித்தேன். பிறகு தமிழில் சத்தமாக வாசித்தேன்.

"கைதியின் பெயர், தபோதரன். பதிவு இலக்கம், நானூற்றிப் பதினெட்டு. கைதிகளுக்கு உணவுப்பொருள் அனுப்ப அனுமதி இல்லை. ஆகவே அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது."

தாளை அம்மாவின் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"ஆள் இல்லாட்டி, ஆள் இல்லையெண்டு ஒட்டித்தான் வரும். இது ஆள் இருக்கு, வடைதான் ஏலாது எண்டு வந்திருக்கு. விளங்குதோ?"

"திரும்ப வாசி."

வாசித்தேன்.

"கைதி எண்டோ போட்டிருக்கு?"

"ஓம்."

"பேர் சரியா எழுதியிருக்கினமோ?"

"எங்கடை பள்ளிக்கூடத்திலை எழுதினதைவிடச் சரி."

அம்மா தாளை வாங்கினார். விரலால் இலக்கத்தைத் தொட்டார். பிறகு எழுந்து, தமிழ்க்கடைக் கலண்டரில் அன்றைய நாளுக்குக் கீழே 418 என்று எழுதினார். குளிர்ச்சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார். ஹீற்றரை இரண்டுக்குக் குறைத்தார்.

அவன் என்ன செய்தான் என்று அம்மா கேட்கவில்லை. நானும் அதைப் பற்றிப் பேசவில்லை. சந்திப்பதற்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அவனும் சம்மதிக்க வேண்டும், ஆறு கிழமையும் ஆகலாம் என்று மட்டும் சொன்னேன்.

"ஆறு கிழமை" என்றார். பெட்டியிலிருந்து ஒரு வடையை எடுத்தார். ஓரம் கொஞ்சம் உடைந்திருந்தது. கடித்தார். மென்றார்.

"சுரேன், வாற கிழமையும் அனுப்பினா?"

"வாங்க மாட்டினம், அம்மா. சாப்பாடு ஏலாது எண்டு போட்டிருக்குத்தானே."

"அப்ப திருப்பி அனுப்புவினம்."

"ஓம்."

"உந்தத் தாளோடை?"

"ஓம். தாளோடை."

அம்மா அடுத்த வடையை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப உளுந்து ஊறப்போடு."