கமாடொன் முதுகில் நான்கு போல்ட்டுகள்

அந்த நான்கு போல்ட்டுகளும் என் முதுகுப் பக்கம் இருந்தன. அவற்றைக் கழற்றும் ஸ்பேனர் உவோசுமியின் பையில் இருந்தது. உவோசுமி ஐந்தாவது மாடியில் இருந்தான். நான் அந்தப் பல்பொருள் அங்காடியின் எட்டு மாடிக்கும் மேலே, மொட்டை மாடி மேடையில், ஐந்நூறு குழந்தைகளுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

1978, ஆகஸ்ட், ஒசாகா. காலை பதினொரு மணிக்கே சிமெண்ட் தரை செருப்பைச் சுட்டது.

"இருபத்தெட்டு நிமிஷ ஷோதானே தொகிவா அண்ணே? இன்னிக்கு எங்க ஊரு ஸ்கூல் ஆடுது. கீழ டிவி விக்கிற எடத்துல பேஸ்பால் ஓடுது. ஒரு எட்டு பாத்துட்டு, ஷோ முடியறதுக்குள்ள வந்து நிப்பேன்" என்று சொல்லிக்கொண்டேதான் உவோசுமி கடைசி போல்ட்டை முறுக்கியிருந்தான்.

"வராம இருந்துடாதடா."

"வராட்டி என்ன? உள்ளயே குடியிருங்க. வாடகை கேக்க மாட்டேன்."

டிவியில் கமாடொன் நாற்பது மீட்டர் உயரம். பொதுக் குளியல் கூடத்து பாய்லருக்குக் கையும் காலும் முளைத்து, தலையில் புகைபோக்கி வைத்தால் எப்படி இருக்கும், அதுதான் கமாடொன். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு ஜப்பானில் பாதிக் குழந்தைகள் அவனுக்காகத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தன. மொட்டை மாடியில் அவன் இரண்டு மீட்டர் இருபது. கண்ணாடியிழை உடம்பு, ரப்பர் குழாய்க் கைகள், விரலே இல்லாத கையுறை. உள்ளே நான், தொகிவா ஷின்பெய், வயது முப்பத்து நாலு, முன்பு வாள்சண்டைப் படங்களில் தினம் நாலு முறை செத்தவன்.

போல்ட் வந்த கதை இது. அதற்கு முன்பு முதுகில் ஜிப்தான் இருந்தது. அந்த வசந்தத்தில் கோபே நகரத்து ஷோவில் ஒரு பொடியன் பின்னால் வந்து ஜிப்பை இழுத்துவிட்டான். கமாடொனின் தலை கழன்று விழுந்தது. உள்ளே வியர்த்து வழியும் என் மூஞ்சி. முன்வரிசை முழுக்க ஒப்பாரி. 'கமாடொன் செத்துப்போய்விட்டான் என்று என் மகன் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை' என்று ஒரு அம்மா டிவி நிலையத்துக்குக் கடிதமே போட்டுவிட்டார்.

எங்கள் தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம்தான். குழந்தைகள் எதிரில் தலையைக் கழற்றக் கூடாது. மயக்கமா, வாந்தியா, எதுவானாலும் உள்ளேயே. எங்கள் தலைவர் குரோதானி மறுநாளே ஜிப்பைப் பிடுங்கிவிட்டு, முதுகில் ஒரு தகடு வைத்து நாலு போல்ட்டை முடுக்கினார். "இனிமே எவனும் இழுத்துப் பாக்கட்டும்" என்றார்.

எங்களுக்கு மேடையில் குரலும் கிடையாது. டிவியில் பேசும் நடிகர் டோக்கியோவில் ஒலிநாடாவில் பேசிக் கொடுத்துவிடுவார். குரோதானி அதை மேடைக்குப் பின்னால் ஓடவிடுவார். குரலின் ஒவ்வொரு அசைக்கும் நாங்கள் தலையை ஆட்ட வேண்டும். ஆட்டினால்தான் பொம்மை பேசுகிற மாதிரி இருக்கும். அறுபத்து மூன்று ஷோக்களில் நான் ஒரு அசையைக்கூட விட்டதில்லை.

கமாடொனின் வேலை தோற்பது. நாயக ரோபோ ரைகோமா ஜெயிக்கும் முன்னால், 'நான் இருக்கேன்' என்று ஓடிவந்து எதிலாவது மாட்டிக்கொள்வான். புகைபோக்கியிலிருந்து புகை வரும். பிறகு அந்த அலறல்:

"தாங்கலடா சாமி! யாராச்சும் என்னை வெளிய எடுங்கடா!"

டிவி முன்னால் இருக்கும் எல்லாக் குழந்தைகளும் ஒரே குரலில் கத்தும்: "மாட்டோம்!"

மேடையில் இதற்கென்றே ஒரு கோட்டை வாசல். நான் ஓடிப்போய் அதில் நுழைந்ததும் இரண்டு பக்கமும் மரச்சட்டம் விழுந்து என் இடுப்பைக் கவ்விக்கொள்ளும். நாடாவில் ரைகோமாவின் எக்காளம் ஊதும். உடனே எபிசாவா, ரைகோமாவுக்குள் இருப்பவன், வந்து பின்னாலிருந்து கயிற்றை இழுத்து என்னை விடுவிப்பான். எக்காளம் ஊதாமல் எபிசாவா வர மாட்டான். அவன் தலைக்குள் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது. எக்காளம் மட்டும் எப்படியோ கேட்கும்.

அன்று ஓடினேன். மாட்டினேன். தலைக்கு மேல், புகைபோக்கிக்குள் ஒரு தட்டில் டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயுத் துண்டுகள். நூலை இழுத்ததும் அதில் வெந்நீர் கொட்டி, புகை குபுகுபுவென்று கிளம்பியது.

"யாராச்சும் என்னை வெளிய எடுங்கடா!"

தொகுப்பாளினி நொபுகோ மைக்கோடு துள்ளி வந்தாள். "என்ன பசங்களா, எடுப்பீங்களா?"

"மாட்டோ......ம்!"

மொட்டை மாடியே அதிர்ந்தது. எக்காளத்துக்காகக் காத்திருந்தேன். பதிலாக 'கிரீச்' என்று நாடா பின்னோக்கி ஓடும் சத்தம்.

குரோதானியின் குரல் மேடைக்குப் பின்னாலிருந்து வந்தது. "கடைக்காரர் இன்னொரு தடவை கேக்கறார்! செம ரெஸ்பான்ஸ்! தொகிவா, அப்படியே இரு, அசையாதே!"

எங்கே அசைவது? இடுப்பில் சட்டம், முதுகில் போல்ட்.

பின்னாலிருந்த ஏணியில் குரோதானி ஏறும் சத்தம் கேட்டது. வழக்கமாக டிரை ஐஸ் இரண்டு கைப்பிடிதான் போடுவோம். அவர் வாளியையே கவிழ்த்தார். வெந்நீரும் ஊற்றினார். தட்டு நிரம்பி வழிந்தது. ஏதோ ஒன்று என் பிடரியில் விழுந்து, சட்டைக்குள் நழுவி, தோளைச் சுட்டது. குளிர் சுடுகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடுத்த துண்டு. அதற்கடுத்தது. கண்ணுக்கு நேரே இருந்த பிளவு வெள்ளையாகிவிட்டது. புகை இப்போது வெளியே போகவில்லை, எனக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மூச்சு இழுத்தேன். வந்தது. வந்த மூச்சில் ஒன்றுமே இல்லை.

இளவயதில் ஒரு கோடை முழுக்க ஐஸ்கிரீம் வண்டியில் வேலை பார்த்திருக்கிறேன். முதலாளி முதல் நாளே சொன்னார்: "இந்த ஐஸோட கதவைச் சாத்திக்கிட்டு உள்ள உக்காராதே. தூங்கிடுவே. எழுந்திரிக்க மாட்டே."

"குரோதானி சார்!" என்று கத்தினேன். "நிறுத்துங்க! நிஜமா மூச்சு முட்டுது! வெளிய எடுங்க!"

அதே நேரம் நாடா என்னைவிடப் பத்து மடங்கு சத்தமாகக் கத்தியது. "யாராச்சும் என்னை வெளிய எடுங்கடா!"

"மாட்டோ......ம்!"

கைகளை உதறினேன். சிரிப்பு. தலையால் வாசல் சட்டத்தை முட்டினேன். பெரிய சிரிப்பு. முன்வரிசையில் ஒரு தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு இவன் பிரமாதமா பண்றான்" என்றார். நான் உயிருக்குப் போராடினால் கமாடொன் இன்னும் நன்றாக வேடிக்கை காட்டினான்.

'கிரீச்.' மூன்றாவது முறை.

காதுக்குள் ரத்தம் இடித்தது. கால் விரல்கள் எங்கேயோ போய்விட்டன. கத்தினால் மூச்சு செலவாகிறது. ஆடினால் சிரிக்கிறார்கள். என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்று இருந்தது. நாடா பேசும்போது ஆடாமல் இருப்பது.

கேட்க சுலபம். அந்தக் குரல் வந்தால் என் கழுத்து தானாக ஆடும், தூக்கத்தில்கூட. பல்லைக் கடித்தேன். நெற்றியை உள் சுவரில் அழுத்திக்கொண்டேன். கைகளைத் தொங்கவிட்டேன்.

"தாங்கலடா சாமி!" என்றது நாடா.

கமாடொன் ஆடவில்லை.

"யாராச்சும் என்னை..." கமாடொன் ஆடவில்லை.

குழந்தைகள் அதற்கும் சிரித்தன. "மாட்டோம்" என்றும் கத்தின. ஆனால் நொபுகோவின் கேள்வி இந்த முறை வரவில்லை. பிளவு வழியே அவளுடைய வெள்ளை பூட்ஸ் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அறுபத்து மூன்று ஷோக்களிலும் என் பக்கத்தில் நின்றவை. அவை ஒரு அடி வந்தன. இன்னொரு அடி.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கமாடொனின் வாயிலிருந்த கம்பி வலையில் காதை வைத்தாள்.

"அண்ணே?"

"நிஜம்" என்றேன். அவ்வளவுதான் முடிந்தது.

பூட்ஸ் பாய்ந்தது. மேடைக்குப் பின்னால் சண்டை கேட்டது.

"உவோசுமி எங்க? ஸ்பேனர் எங்க?"

"இன்னும் வரலையே... ஏய், என்ன பண்றே? பசங்க முன்னாடி தலையைக் கழட்டினா நம்ம கதை முடிஞ்சுது!"

"கழட்டாட்டி அவர் கதை முடிஞ்சுது!"

நாடா பட்டென்று நின்றது. அடுத்த கணம் மைக்கில் அவள் குரல். கொஞ்சம்கூட நடுங்கவில்லை, சர்க்கரையாக இருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு!

"பசங்களா! கமாடொன் எதுல செஞ்சவன்?"

"பாய்லர்!"

"வீட்டுல வெந்நீர்த் தொட்டில உக்காந்ததும் அப்பா என்ன சொல்வாரு?"

"நூறு எண்ணாம வெளிய வரக் கூடாது!"

"கமாடொனுக்கு எண்ணத் தெரியாதே! அதனாலதான் உள்ளயே மாட்டிக்கிட்டான். நாம அவனுக்காக எண்ணலாமா? எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க. கண்ணைப் பொத்துங்க. எவன் எட்டிப் பாக்கறானோ அவன் முதல்லேர்ந்து எண்ணணும்! அம்மாங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்! ஆங், அங்க யானைப் பக்கம் குந்தியிருக்கிற அண்ணே, நீங்க மட்டும் உங்க டப்பாவோட இங்க ஓடி வாங்க!"

மாடியின் மூலையில், காசு போட்டால் ஆடும் சவாரி யானைப் பொம்மைகள் நாலு உண்டு. அவற்றைப் பழுது பார்க்கும் மெக்கானிக் எப்போதும் அங்கே குந்தியிருப்பார்.

"ஒண்ணு! ரெண்டு! மூணு!"

ஐந்நூறு தொண்டைகள். எனக்கு முழங்கால் மடிந்தது. விழ முடியவில்லை, இடுப்பில் சட்டம் பிடித்திருந்தது.

"பன்னண்டு! பதிமூணு!"

முதுகில் இரும்பு உரசியது. "எவண்டா இதை இந்த இறுக்கு இறுக்கினது?" என்றார் யானைக்காரர். "ஆளை உள்ள வெச்சா இப்படி முறுக்குவான்? என் யானைக்கே நான் இப்படி முறுக்க மாட்டேன்."

"பேசாம கழட்டுங்க!" என்றாள் நொபுகோ.

"இருபத்தஞ்சு! இருபத்தாறு!"

ஒரு போல்ட் தரையில் 'டிங்' என்றது.

"நாப்பத்தொண்ணு!"

இரண்டாவது. எனக்கு ஏனோ சின்ன வயசு வீட்டுத் தொட்டி ஞாபகம் வந்தது. தோள் வரைக்கும் வெந்நீர், எதிரில் அப்பா. கண்ணை மூடினால் சுகமாக இருக்கும் போலிருந்தது. 'தூங்கிடுவே' என்ற குரல் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

மூன்றாவது.

"அறுபது!" இதுவரை ஒழுங்காக எண்ணினார்கள். தொட்டியில் உட்கார்ந்த எந்தக் குழந்தை கடைசி வரை ஒழுங்காக எண்ணியிருக்கிறது? அறுபதுக்கு மேல் வேகம் பிடித்தது. "அறுபத்தொண்ணரெண்டுமூணுநாலு..."

"ஐயோ, மெதுவா எண்ணுங்க! கமாடொன் காதுல விழல!" என்று நொபுகோ மைக்கில் கெஞ்சினாள்.

"நாலாவது சுத்த மாட்டேங்குது" என்றார் யானைக்காரர். "போல்ட்டுத் தலை மழுங்கிப்போச்சு. ரம்பம்தான் வேணும்."

"எழுபத்தெட்டு! எழுபத்தொம்பது!"

"எபிசாவா!" நொபுகோ மைக்கைத் தூர எறிந்துவிட்டு ரைகோமாவின் மார்பில் இரண்டு கையாலும் குத்தியது கேட்டது. "எக்காளம் ஊதியாச்சுன்னு நெனச்சுக்கோ! வா!"

கனமான காலடிகள். கயிறு இழுபட்டது. இடுப்பிலிருந்த சட்டம் விலகி நான் குப்புறச் சாய்ந்தேன். முதுகுத் தகட்டின் இடுக்கில் ஒரு கை நுழைந்தது. வெள்ளிக் கையுறை போட்ட கை. எபிசாவா என் இடுப்பில் காலை ஊன்றினான்.

"தொண்ணூறு!"

இழுத்தான்.

"தொண்ணூத்தி மூணு!"

கண்ணாடியிழை விரிந்தது, நாலாவது போல்ட்டைத் தன்னோடு பிய்த்துக்கொண்டு தகடு முழுசாக வந்தது. நாற்பது வாரங்களாக டிவியில் ரைகோமா எத்தனையோ ஊர்களைக் காப்பாற்றியிருக்கிறான். நிஜமாக ஒரு ஆளைக் காப்பாற்றினது அன்றுதான். ஒரு குழந்தைகூடப் பார்க்கவில்லை.

யானைக்காரர் என் அக்குளில் கையைக் கொடுத்துப் பின்பக்கமாக உருவினார். காற்று! சூடான, பெட்ரோல் வாடை அடிக்கும், அழுக்கு ஒசாகா காற்று. அதை நான் தின்றேன். கோட்டைத் தட்டிக்குப் பின்னால் ஈரச் சிமெண்டில் என்னைக் கிடத்தினார்கள். எபிசாவா வெற்றுக் கூட்டை நிமிர்த்தி வாசலில் சாத்தினான், தகட்டைத் தன் முதுகால் மறைத்துக்கொண்டான்.

"நூறு!"

ஐந்நூறு பேரும் திரும்பினார்கள். கமாடொன் நின்றான். பக்கத்தில் ரைகோமா. எல்லாம் சரி.

குரோதானி அவசரத்தில் நாடாவைத் தப்பான இடத்தில் ஓடவிட்டிருக்க வேண்டும். எக்காளத்துக்குப் பதிலாக நாடா பழைய இடத்திலிருந்தே ஓட ஆரம்பித்தது. ஆளில்லாத கூடு அலறியது:

"யாராச்சும் என்னை வெளிய எடுங்கடா!"

"மாட்டோ......ம்!"

நான் மல்லாந்து கிடந்தேன். தோளில் மூன்று இடத்தில் கொப்புளம். சிரிப்பு வந்தது, சிரிக்க மூச்சு போதவில்லை.

அப்போதுதான் படியேறி ஓடிவந்தான் உவோசுமி. கையில் ஸ்பேனர். "ஒம்பதுல முடிய வேண்டியது, பதிமூணாவது இன்னிங்ஸ் வரைக்கும் இழுத்துட்டாங்கண்ணே! கடைசில தோத்துட்டோம்..." என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான். "நீங்க எப்படி வெளிய?"

யானைக்காரர் ஸ்பேனரைப் பிடுங்கி அதன் வாயைத் தன் விரலால் அளந்து பார்த்தார்.

குரோதானி தொப்பியைக் கழற்றிக்கொண்டு என் பக்கத்தில் மண்டியிட்டு, நெற்றி தரையைத் தொடக் குனிந்தார். ரொம்ப நேரம் எழவில்லை. எழுந்தபோது மெதுவாகக் கேட்டார்:

"தொகிவா... மூணு மணி ஷோ ஒண்ணு இருக்கு. டிக்கெட்டெல்லாம் கொடுத்தாச்சு. முடியுமா?"

நான் நொபுகோவைப் பார்த்தேன். அவள் என் கொப்புளங்களைப் பார்த்தாள். தட்டிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள் இன்னும் விடாமல் 'மாட்டோம்' என்று கத்திக்கொண்டிருந்தன.

"அதான் பசங்களே சொல்லிட்டாங்களே சார்" என்றேன்.