பவளம் ஒட்டிய விரல்

அந்தக் கண்ணாடி மீன்தொட்டிக்கு அவள் வைத்திருந்த பெயர் சக்களத்தி. பதினோரு வருஷமாக, வேலை முடிந்து வருகிற கணவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய்த்தான் நிற்பார். பெண்டாட்டி ஒருத்தி மூலையில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது அப்புறம்தான் கண்ணில் படும். அவர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. வேலை செய்த வீடொன்றைக் காலி செய்தவர்கள், தூக்கிப் போக முடியாமல் விட்டுவிட்ட உப்புத்தண்ணீர்த் தொட்டியை வண்டி வைத்து ஏற்றி வந்தார். தரையில் கல் பதித்த கை, அதற்குள் பாறை அடுக்கி, கடலில் உயிரோடு வளர்கிற பவளத்தை ஒவ்வொன்றாக ஒட்டி வளர்த்தது.

அறுபத்து மூன்று நாளுக்கு முன் பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. பயிற்சி கொடுக்க வருகிறவர், "கால்ல தெம்பு இருக்கும்மா, செவத்தைப் பிடிச்சு நடக்கலாம். அவர்தான் எந்திரிக்க மாட்டேங்கறார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மேஸ்திரியோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே இடது கையால் ஜாடை காட்டி, நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போடச் சொன்னார். தொட்டியைப் பார்க்கக்கூடாதாம்.

சக்களத்தியை வெறுக்கும் புருஷன் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும். அவளுக்குக் கசந்தது. அதையே வேண்டாம் என்றவருக்கு இனி எதுதான் வேண்டும்? தொட்டியை உயிரோடு வைத்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் திரும்பிப் பார்ப்பார் என்று நம்பினாள். அதற்காக உப்பைக் கரைத்து ஊற்றினாள், மீனுக்குத் தீனி போட்டாள், சந்தேகத்துக்கெல்லாம் வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரருக்குப் போன் அடித்தாள்.

அன்று காலையில் பார்த்தால், மேல் பாறையில் இருந்த பச்சைப் பவளம் பெயர்ந்து மணலில் குப்புறக் கிடந்தது. மேஸ்திரி முதன்முதலில் ஒட்டியது அதுதான். போன் அடித்தால், கடைக்காரர் வெளியூரில் இருந்தார்.

"நான் வர ரெண்டு நாளாகும்க்கா. அதுக்குள்ள அது அழுகிடும். அழுகினா தண்ணி கெட்டு, மத்ததும் போயிடும். நீங்களே ஒட்டிடுங்க."

"நானா? நான் பட்டன் தைக்கிறவ."

"அதைவிட சுலபம்க்கா. முதல்ல பம்பை நிறுத்துங்க, இல்லேன்னா தண்ணி அதைத் தள்ளிட்டுப் போயிடும். அடியில பசை வச்சு, பாறையில அழுத்தி, லேசா திருகிப் பிடிச்சுக்குங்க. அரை மணிக்குள்ள பம்பைப் போட்டுடணும். மீனுக்கு மூச்சு முட்டும்."

பம்பை நிறுத்தினாள். மேஸ்திரியின் பெட்டியிலிருந்து கெட்டிப் பசையை எடுத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். முதல் தடவை நிதானமாக இடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குள் பசையின் மேல் தண்ணீர் பட்டு ஆடை கட்டிவிட்டது. பவளம் வழுக்கி விழுந்தது. இரண்டாம் தடவையும் அதே கதிதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாகப் பசையைத் திட்டித் தீர்த்தாள். மூன்றாம் தடவை ட்யூபில் இருந்ததை எல்லாம் பிதுக்கி, திருகி, அழுத்தி, நூறு எண்ணும்வரை கையை எடுக்கவில்லை.

பவளம் நின்றுவிட்டது. விரலும் அதோடு நின்றுவிட்டது.

பிதுங்கிய பசை ஆள்காட்டி விரலைச் சுற்றி இறுகியிருந்தது. இழுத்தால் பவளம் பெயரும், இன்னொரு தடவைக்குப் பசை கிடையாது. சுவிட்ச் தொட்டியின் அந்தப் பக்கத்துச் சுவரில், எட்டாத தூரத்தில். மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடத் தொடங்கின.

"என்னங்க, கை ஒட்டிக்கிச்சு. சுவிட்ச் எட்டல. மீனெல்லாம் மூச்சுக்குத் தவிக்குது."

சுவரைப் பார்த்திருந்த தலை அசையவில்லை.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "செத்தா சாகட்டும்னு தோணுச்சுன்னா தலையையாவது ஆட்டுங்க. பிச்சு எறிஞ்சுட்டு என் வேலையைப் பாக்கறேன். இத்தனை நாளா எதுக்கு இதுக்கு உப்பு கரைச்சு ஊத்தறேன்னு நெனச்சீங்க? இந்தச் சனியன் மேல எனக்கென்ன ஆசையா? நீங்க ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்ப மாட்டீங்களான்னுதான்." மேலே வந்து தவிக்கும் மீன்களைப் பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்குங்க."

நாற்காலி கிறீச்சிட்டது. அவளால் முழுதாகத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. கால் இழுபடும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. சுவரைத் தடவிக்கொண்டு ஓர் இடது கை வந்து சுவிட்சைத் தட்டியது. தண்ணீர் குபுகுபுவென்று ஓடியது. முதலில் மீன், அப்புறம்தான் பெண்டாட்டி. அதே மனுஷன்தான், சந்தேகமில்லை.

தொட்டி விளிம்பில் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு, அந்தக் கையைத் தண்ணீருக்குள் விட்டு அவள் விரலைப் பிடித்தார். இழுக்கவில்லை. மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகப் பசை விட்டுக்கொடுத்தது. விரல் நுனித் தோல் பவளத்தோடு போனது. பவளம் அசையவில்லை.

ஸ்டூலிலிருந்து அவள் அவசரமாக இறங்கி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளுடைய விரலைப் பார்த்தார். பிறகு, பக்கத்து ஆணியில் மாட்டியிருந்த ரப்பர் கையுறைகளைப் பார்த்தார். கோணிய வாய் எதையோ தேடித் திணறியது.

"க்... க்ள... க்ளவ்ஸு."

பசையை வெறுங்கையால் தொட்ட எத்தனை சித்தாட்களை இந்த ஒரு வார்த்தையால் வறுத்தெடுத்திருப்பார்.

"ஆமாங்க. போட மறந்துட்டேன். தப்புதான்."

இன்னும் நாலு திட்டு கேட்க வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை ஒழியவில்லை. ஒரு கையில் உப்புத்தண்ணீர் சொட்டியது, மறு கை அவரைத் தாங்கியிருந்தது.