தெய்வநாயகத்துக்கு ஒரு காட்சி

மகனை வெள்ளம் அடித்துக்கொண்டு போனதும் தெய்வநாயகம் தலையிலடித்துக் கதறினார். கூட்டத்திலிருந்து விசில் பறந்தது. "வேணும்டா உனக்கு!" என்று ஒருவர் கத்த, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

மேடை ஓரத்தில் நின்றிருந்த உஷாராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளையார்குப்பத்தில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்துக்கொண்டே ஆறு மாதம் எழுதிய நாடகம் அது. ஏரிச் சங்கத் தலைவர் தெய்வநாயகம், மதகைத் திறக்கச் சொல்லும் இன்ஜினியரின் பேச்சைக் கேட்காமல் பிடிவாதம் பிடிக்கிறார். கரை உடைகிறது. மணல் மூட்டை அடுக்கப் போன மகன் சாகிறான். அழவேண்டிய இடத்தில், நாடகம் பார்க்க வந்த பாகூரே சிரிக்கிறது.

"அப்பவே சொன்னேன்," என்றார் ராஜ்மோகன், மேக்கப்பைத் துடைத்தபடி. பாகூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவர்தான் தெய்வநாயகம் வேஷம். "ஏழைங்களுக்கு அரிசி குடுக்கிற மாரி எனக்கு ஒரு சீன் வையி. ஜனங்க உருகிடும்."

"அரிசிக்கும் மதகுக்கும் இன்னாண்ணா சம்மந்தம்?"

"எதுக்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி!"

ஒரு வாரம் போனில் நச்சரித்தார். தாங்க முடியாமல் எழுதிக் கொடுத்தாள். அடுத்து நெட்டப்பாக்கத்தில் போட்டபோது அரிசிக் காட்சியிலேயே பெண்கள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டார்கள். மகன் செத்தபோது மொத்தப் பழியும் இன்ஜினியர் தலையில் விழுந்தது. அந்த வேஷம் போட்ட கலைவேந்தன் நாடகம் முடிந்து டீ குடிக்கப் போனான். "கரை உடையும்னு நீ வாய் வச்சதாலதான் அந்தப் புள்ள போயிடுச்சு," என்று கடைக்கார அம்மாள் கிளாஸை ணங்கென்று வைத்தாள்.

"சரியா சொன்னவனுக்குத் திட்டு. இன்னாக்கா நாடகம் இது?" என்று அவன் உஷாராணியிடம் வந்து பொருமினான்.

கெட்டவனாகக் காட்டினால் சிரிக்கிறார்கள். நல்லவனாகக் காட்டினால் அவன் தப்பே கண்ணில் படவில்லை. இந்த ஜனங்களுக்கு என்னதான் எழுதித் தொலைப்பது?

மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் அதே புழுக்கம். தெய்வநாயகத்துக்கு ஏன் அவ்வளவு திமிர் என்று யோசித்தாள். நாடகத்தில் அதற்குப் பதிலே இல்லை. எழுதவேண்டியவள் எழுதவில்லை என்று உறைத்ததும் ஊர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் தன்மேல் திரும்பியது.

அரிசிக் காட்சியைத் தூக்கினாள். புதிதாக ஒன்றை முதலில் வைத்தாள். இருபது வருடத்துக்கு முந்தைய மழை. திற, திற என்று ஊரே கத்துகிறது. இளவயசு தெய்வநாயகம் மட்டும், "மழ வுட்ரும், தண்ணி வேணும்," என்று மதகின்மேல் நிற்கிறார். மழை விடுகிறது. அந்த வருடம் ரெண்டு போகம். ஊர் அவரைத் தோளில் தூக்குகிறது.

அரியூரில் அந்தக் காட்சிக்கே கைதட்டல் பொரிந்தது. பிறகு, வயசான தெய்வநாயகம் இன்ஜினியரைப் பார்த்து, "திறக்க முடியாது," என்றதும் கூட்டம் மறுபடி தட்டியது. "திறக்காதீங்க தலைவரே!" என்று முன்வரிசையில் ஒரு பெண் கத்தினாள்.

கரை உடைந்தது. மகனைத் தூக்கி வந்து போட்டார்கள். திரை விழுந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

"நானும்தான் திறக்காதன்னு சொன்னேன்," என்றாள் அந்தப் பெண், பக்கத்திலிருந்தவளிடம். பின்வரிசையில் இரண்டு பேர் இன்ஜினியர் சொன்னது சரியா தப்பா என்று சண்டையே ஆரம்பித்துவிட்டார்கள்.

ராஜ்மோகன் வியர்வையோடு வந்தார். "கடசீல ஒரு கைதட்டல் இல்ல. ஊத்திக்கிச்சா?"

"இல்லண்ணா."

"அப்போ நான் நல்லவனா, கெட்டவனா? அதையாச்சும் சொல்லித் தொலையேன்."

"எழுதறதோட என் வேல முடிஞ்சிது," என்று உஷாராணி சாமான் பெட்டிமேல் உட்கார்ந்தாள். "போயி அவங்களையே கேளு."